பழைய பிரிட்ஜுக்குள் இருந்த பிஸ்கட் டின்

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையிலேயே தூறல். துறைமுகப் பக்கம் இருண்டு கிடந்தது. குடை வீட்டில். வழக்கம்போல.

கம்பியூட்டர் வந்து இறங்கியது. நாலு பெட்டி. ஏதோ வெளிநாட்டு உதவி அமைப்பின் அன்பளிப்பு. நேர்ஸ்மார் ஆறு பேர், அற்றண்டன்மார் இரண்டு பேர், டொக்டர், நான், எல்லோரும் வாசலில். பிரசவ வார்டில் இரட்டைப்பிள்ளை பிறந்த அன்றுகூட இவ்வளவு கூட்டம் இல்லை.

அதற்குத் தனி அறை. வெள்ளையடித்து, ஏ.சி. போட்டு. ஏ.சி.! மருந்துக் களஞ்சியத்துக்கு ஒரு மேசை விசிறி கேட்டுப் பன்னிரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மருந்து வேர்க்கலாம், மருந்தாளர் சரோஜினி வேர்த்துச் சாகலாம். மருந்தை எண்ணுகிற மெஷினுக்கு மட்டும் வேர்க்கக் கூடாதாம்.

டொக்டர்: "இனி ஸ்டோர்ஸில இருக்கிற ஒவ்வொரு குளிசையும் இதுக்குள்ள இருக்கும். ஜெஸீமா மிஸ் பாத்துக்கொள்ளுவா."

ஜெஸீமா மிஸ் பார்த்துக்கொள்ளுவா. கொழும்பில் மூன்று கிழமை பயிற்சி எடுத்து வந்தவள் அல்லவா. என்னைவிட இரண்டு வருஷம் பின்னால் வந்த மருந்தாளர். பத்து வருஷமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். பயிற்சிக்கு ஆள் தெரிவு நடந்த விதம்: "ஜெஸீமாவுக்கு டைப்பிங் தெரியும்தானே?" அவ்வளவுதான். எனக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முதல் ஆறு மாதம் படித்தேன். ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வது.

இனி இந்த டயறியில் அவள் ஜெ. ஓர் எழுத்துக்கு மேல் அவளுக்கு இங்கே இடம் கிடையாது.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சீனி, இவருக்கு சவர பிளேட்.


பெப்ரவரி 5, வியாழன்

வெயில். உடுப்பு எல்லாம் காய்ந்தது.

கம்பியூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறது. கோணேசர் கோயிலுக்கு அடுத்தது இதுதான். திரைக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறாள் ஜெ. மாப்பிள்ளைக்கு முக்காடு மாதிரி.

எங்கள் மருந்து ராக்கைகளில் தொங்குகிற இருப்பு அட்டைகளைக் கட்டுக்கட்டாக அள்ளிக்கொண்டு போய்த் தட்டுகிறாள். எல்லாம் என் கையெழுத்து. எழுத்து ஒவ்வொன்றாக உள்ளே போகிறது.

"அக்கா, உங்கட எழுத்து எவ்வளவு வடிவு. ஒரு இடத்திலயும் எனக்குத் தடக்கேல்ல. வாங்க, நான் காட்டித்தாறன், லேசுதான்."

"எனக்குத் தலையிடி."

தலையிடி ஒன்றும் இல்லை. அவள் காட்டித்தர நான் கற்க வேண்டுமாம். போன வருஷம் வரைக்கும் சேலைன் போத்தல் கணக்குக்கு என்னிடம் வந்து நின்றவள்.

வியாழன் என்றால் அவள் கிண்ணியாவில் இருந்து தயிர்ச் சட்டி கொண்டுவருவாள். இன்றும் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்றுதான் போனேன். சாப்பிட்டேன். நல்ல தயிர். அதுவும் எரிச்சல்.

நடையில் காதில் விழுந்தது, இரண்டாம் வார்டு ஸ்டெலா மிஸ்: "ஸ்டோர்ஸில கேட்டு என்ன பிரயோசனம்? ஜெஸீமாவிட்ட கேளுங்கோ. அவவுக்குத்தானே இப்ப எல்லாம் தெரியும்."

தலைமை மருந்தாளர் பங்குனி முடியப் பென்சனில் போகிறார். அந்தக் கதிரை எனக்கு வரவேண்டியது. மூப்பின்படி நான்தான். கட்டாயம் நான்தான். இதை எழுதும்போதே "தான்" இரண்டு தடவை விழுகிறது, பயந்தவள் மாதிரி.


பெப்ரவரி 9, திங்கள்

மின்வெட்டு, பத்தில் இருந்து பதினொன்றரை வரை. கம்பியூட்டர் செத்துக் கிடந்தது. அந்த ஒன்றரை மணித்தியாலம் எல்லோரும் திரும்ப என்னிடம். "சரோ மிஸ், அமொக்ஸிசிலின் எவ்வளவு இருக்கு?" அட்டையைப் பார்க்காமலே சொன்னேன். நாலாயிரத்து இருநூறு. சரியாக இருந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் உரத்துச் சொன்னேன்.

பிறகு கரண்ட் வந்துவிட்டது.

எங்கள் முறை ஒன்று இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை.

வார்டுக்குத் தேவை எட்டு.
கேட்பது பன்னிரண்டு.
நான் கொடுப்பது எட்டு.

அவர்கள் பன்னிரண்டு கேட்பது நான் வெட்டுவேன் என்று தெரிந்து. நான் வெட்டுவது அவர்கள் கூட்டிக் கேட்பார்கள் என்று தெரிந்து. வெளியூர் டிஸ்பென்சரிகள் இன்னும் மோசம், இரட்டிப்பாகக் கேட்பார்கள். லோஞ்சுப் படகு ஓடுமோ, ஆமி பாஸ் தருமோ, அடுத்த தடவை எப்போதோ, பாவங்கள். நானும் முகம் பார்த்து வெட்டுவேன். ஒருவரும் கோபித்தது கிடையாது.

கம்பியூட்டருக்கு முகம் தெரியுமா? கேட்டதைப் பார்க்கும், இருப்பைப் பார்க்கும், இருந்தால் கொடு என்று சொல்லும். ஜெ. களஞ்சியத்தில் நின்றவள்தான், ஆனால் வெட்டுகிற வேலை எப்போதும் என்னுடையது. அவளுக்கு ஆளாளுக்கு எவ்வளவு என்று தெரியாது.

சொல்லலாம். ஒரு நிமிஷக் கதை.

சொல்லவில்லை. கேட்கட்டும்.


பெப்ரவரி 12, வியாழன்

வடக்குக் கரையில் இருந்து ஒரு டிஸ்பென்சரிக்காரர் வந்தார். பாம்புக்கடி மருந்து இருபது குப்பி என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். எப்போதும் இருபதுதான் எழுதுவார். எப்போதும் ஆறுதான் கொடுப்பேன். டீ குடித்துவிட்டு ஆறோடு போவார்.

இன்று கம்பியூட்டர் அறையில் இருந்து தாள் வந்தது. இருபது. ஜெ.யின் கையெழுத்து.

எண்ணிக் கொடுத்தேன். மனிதனின் முகத்தைப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப எண்ணினார். "மிஸ், பிழை ஒண்டும் இல்லையே?"

"கம்பியூட்டர் சொல்லுது. கம்பியூட்டர் பிழை விடுமே?"

டீகூடக் குடிக்கவில்லை. நாங்கள் மனம் மாறுவதற்குள் ஓட்டோ பிடித்துவிட்டார்.

ராக்கையில் மிச்சம் நாலு. அறுவடைக் காலம். வயலுக்குள் நெல்லுக்கு வருகிற எலி, எலிக்கு வருகிற புடையன் பாம்பு. கொழும்பில் இருந்து அடுத்த லொறி மாத முடிவில்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஓட்டோவை மறித்திருக்கலாம். ராக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் ஏதோ இனித்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இனித்தது உண்மை. இப்போது தெரியும் டொக்டருக்கு, யார் கெட்டிக்காரி என்று.

என்னிடம் அந்தப் பிஸ்கட் டின் இருக்கிறதுதானே. ஒருவரும் சாகமாட்டார்கள்.

தயிர் இன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். ஜெ. எனக்கு ஓமத் தண்ணீர் வைத்துத் தந்தாள். சனியன்.


பெப்ரவரி 15, ஞாயிறு

வீட்டில். தலைக்கு எண்ணெய். இவர் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர், ஞாயிறும் வேலை இருக்கிறது என்று போனார். கப்பல் இல்லாத துறைமுகத்தில் என்ன வேலையோ.

டின்னைப் பற்றி எழுதிவைக்கிறேன். ஒருவரிடமும் சொன்னதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் சண்டையால் லோஞ்சும் இல்லை, ரோட்டும் இல்லை, ஒன்பது நாள். ஐந்தாம் நாள் பாம்பு கடித்து ஒரு பெட்டையைக் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது. என் ராக்கையில் ஒன்றும் இல்லை. சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் ராக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றேன். ஏன் துடைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. பின்னேரம் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லொறி வரும்போதும் "வழியில் உடைந்தது: 1" என்று எழுதினேன். எங்கள் ரோட்டுக்கு எவனும் நம்புவான். ஒன்றும் உடையவில்லை. பன்னிரண்டு லொறி, பன்னிரண்டு குப்பி. களஞ்சிய மூலையில் பழுதாய்ப்போன பழைய பிரிட்ஜ் ஒன்று நிற்கிறது. அதற்குள் பிஸ்கட் டின், அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் குப்பிகள். தூளாக வருகிற மருந்து, ஐஸ் வைக்கத் தேவையில்லை. டேப் ஒட்டி மூடியாயிற்று. கிழமைக்கு ஒரு தடவை டின்னை மெல்ல ஆட்டிப் பார்ப்பேன். கிலுங்குகிற சத்தம் கேட்டால் போதும், நிம்மதி.

பிடிபட்டால் வேலை போகும். அரச சொத்து, பொய்ப் பதிவு. தெரியும்.

செவ்வாய் முழுக் களஞ்சியமும் எண்ணுகிறார்களாம். ஒவ்வொரு ராக்கை, ஒவ்வொரு அலுமாரி. ஜெ. தான் எண்ணுகிறாள். அந்த பிரிட்ஜைத் திறந்தால்?

திறந்து, டின்னை எடுத்து, அதையும் மெஷினுக்குள் போட்டு, கண்டுபிடித்தது தானே என்று டொக்டரிடம் காட்டுவாள். என் ஒன்பது நாளை அவள் ஒரு வரியாகத் தட்டுவாள்.

கொடுக்கமாட்டேன்.


பெப்ரவரி 16, திங்கள்

டின் இப்போது அன்புவழிபுரத்தில், என் குசினி அலுமாரியில், மல்லிப் போத்தலுக்குப் பின்னால்.

பின்னேரம் எல்லோரும் போன பிறகு கைப்பையில் வைத்தேன். மேலே சாப்பாட்டுப் பெட்டி, துவாய். சந்திச் சென்றியில் ஆமிக்காரன் பையைத் தடவிப் பார்த்தான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான், மீன் நாற்றம், மூடிவிட்டான்.

இவர்: "என்னப்பா முகம் வெளுத்துக் கிடக்கு?"

"வெயில்."

"மழையெல்லே பெய்யுது."

ஓம், பெய்தது.


பெப்ரவரி 17, செவ்வாய்

எண்ணினோம். காலை எட்டில் இருந்து நாலரை வரை. நான் சொல்ல ஜெ. எழுத. அவளுக்கு முட்டுக்கால் வலி, ஆனாலும் கீழ்த் தட்டுகளுக்குத் தானே குனிந்தாள். "நீங்க இருங்க அக்கா." நடிப்பு.

நாலு மணிக்கு மூலைக்கு வந்தோம். பழைய பிரிட்ஜ். திறப்பாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். திறக்கட்டும், வெறுமையைப் பார்க்கட்டும்.

திறக்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். "இது தேவையில்ல. இதில இருக்கிறது எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு அடுத்த ராக்கைக்குப் போய்விட்டாள்.

பார்! திறந்தே பார்க்காமல் தெரியுமாம். இதுதான் கொழும்பில் படித்த கணக்கெடுப்பு. எனக்குச் சிரிப்பு. நான் வீணாக டின்னைத் தூக்கிக்கொண்டு செத்துப் பிழைத்தேன். நாளைக்கே திரும்பக் கொண்டுவந்து வைக்கலாம்.

சென்றியை நினைத்தால் கால் ஓடவில்லை. இந்தக் கிழமை போகட்டும்.


பெப்ரவரி 20, வெள்ளி

கொழும்பில் இருந்து பெரிய ஆட்கள் மூன்று பேர். சேர்ட், கழுத்தில் ரை, வியர்வை. கம்பியூட்டர் அறையில் ஏ.சி.க்குக் கீழே ஒரு மணித்தியாலம் நின்றார்கள். மெஷின் கிறீச் கிறீச் என்று நீளத் தாள் கக்கியது. ஆயிரத்துச் சொச்சம் மருந்துகள், வரிசையாக. கைதட்டினார்கள். தாளுக்கு!

படம் பிடித்தார்கள். ஜெ. நடுவில். பச்சை முக்காடு, புதுசு.

அவள் சொன்னது: "சேர், இது சரோஜினி அக்காவும் நானும் சேர்ந்து செஞ்சது. அவட அட்டை இல்லாட்டி இது ஒண்டும் இல்ல."

பெரிய ஆள் திரும்பி, வாசலுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிச்சை போட்டமாதிரி. அவள் சொல்லாமல் விட்டிருந்தாலாவது வயிறு நிம்மதியாக எரிந்திருக்கும். இப்போது அதற்கும் வழியில்லை.

டொக்டர் டீ பார்ட்டியில்: "அடுத்த தலைமை மருந்தாளர் இந்தத் துறையில பழகின ஆளா இருக்கவேணும்." எல்லோர் கண்ணும் எங்கே போனது என்று எழுதத் தேவையில்லை.

ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டேன். காரம் போதாது.

வீட்டுக்கு வந்து அழுதேன். வெங்காயம் வெட்டினேன் என்று இவருக்குச் சொன்னேன். இன்றைக்குப் புட்டும் வாழைப்பழமும். வெங்காயமே இல்லை.


பெப்ரவரி 23, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

9.40. வெருகலில் இருந்து ஒரு மனிதன். வயலில் கடித்தது, விடிய. மூதூர் வரை ட்ரக்டரில், பிறகு லோஞ்சில். புடையன். கால் வீங்கி முட்டுக்கால் வரை கறுப்பு, பல் முரசில் இரத்தம். பெண்சாதி கூட வந்தவ. "ரெண்டு வரம்புதான் வெட்ட மிச்சம் கிடந்தது, ரெண்டு வரம்புதான்" என்று திரும்பத் திரும்ப.

பத்துக் குப்பி தொடக்கத்துக்கே வேண்டும். ஸ்டெலா மிஸ் கம்பியூட்டர் அறைக்கு ஓடினா. நாலு. மெஷின் சரியாகத்தான் சொன்னது.

டொக்டர் கத்தியது நடை முழுக்கக் கேட்டது: "நாலா? ரெண்டு கிழமைக்கு முதல் இருபத்துநாலு இருந்ததே!" வேறு ஆசுப்பத்திரிக்கு அனுப்ப என்றால் ஆமி மத்தியானம் வரைக்கும் ரோட்டைப் பூட்டியிருக்கிறது.

நான் களஞ்சியத்தில். இதுதான் நான் காத்திருந்த நேரம். டின்னோடு நடந்துபோய் டொக்டரின் மேசையில் வைக்கிற நேரம். எத்தனை தடவை மனதில் நடந்து பார்த்திருக்கிறேன். டின் எங்கே? என் குசினியில். மல்லிக்குப் பின்னால்.

அப்போது ஜெ. ஓடி வந்தாள். வெறுங்கால். கம்பியூட்டர் அறையில் இருந்து அப்படியே. என்னைப் பார்க்காமல் நேரே மூலைக்குப் போய், பழைய பிரிட்ஜின் கதவை இழுத்துத் திறந்தாள். கையை உள்ளே விட்டாள். கீழ்த்தட்டு, மேல்தட்டு. பிறகு திரும்பினாள்.

"அக்கா, டின் எங்க?"

நான் என்ன சொன்னேன்?

"எந்த டின்?"

கடவுளே. அப்படித்தான் வந்தது வாயில்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வார்டில் இருந்து அந்தப் பெண்சாதியின் சத்தம்.

"வீட்ட" என்றேன்.

"ஓட்டோ பிடிங்க. நாலையும் நான் ஏத்தச் சொல்றன். ஓடுங்க அக்கா, ஓடுங்க!"

போகப் பதினைந்து நிமிஷம். திரும்பும்போது சென்றியில் மறித்தார்கள். டின்னைத் திறக்கச் சொன்னான். பாஸ் இல்லாமல் பன்னிரண்டு குப்பி மருந்து. யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று பார்வை. ஆசுப்பத்திரி அட்டையைக் காட்டினேன். "பெஹெத், பெஹெத்" என்றேன், மருந்து என்று. என் சிங்களம் அவ்வளவுதான். கையைப் பாம்பு மாதிரி வளைத்துக் காலில் கொத்திக் காட்டினேன், நடுரோட்டில், நாற்பத்து மூன்று வயதில். அவன் ஒவ்வொரு குப்பியாக வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தான். பன்னிரண்டையும். பிறகு தானே பஞ்சை வைத்து மூடித் தந்தான்.

ஒரு மணித்தியாலத்துக்கு ஐந்து நிமிஷம் குறைய.

வார்டில் ஸ்டெலா மிஸ் குப்பியை வாங்கித் திகதி பார்த்தா. நானும் அப்போதுதான் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது, நான் வைத்தவை போன வருஷமே காலாவதியாகியிருக்க வேண்டும் என்று. கிலுக்கிப் பார்த்தேனே தவிர ஒரு நாளாவது திறந்து திகதி பார்த்தேனா?

"நல்ல திகதி மிஸ், அடுத்த வருஷம் வரைக்கும் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு அவ ஊசியை எடுத்தா.

அடுத்த வருஷமா?


பெப்ரவரி 24, செவ்வாய்

ஆள் இருக்கிறார். சிறுநீர் இன்னும் சிவப்பு. இனி கிட்னிதான் பயம் என்று டொக்டர்.

நான் இன்று ஆசுப்பத்திரியின் கதாநாயகி. அற்றண்டன்மார் எழும்பி நிற்கிறார்கள். டொக்டர் எல்லோருக்கும் முன்னால்: "சரோஜினி மிஸ் எங்கயோ தேடிப்பிடிச்சுக் கொண்டுவந்தா. எப்பிடி எண்டு நான் கேக்கமாட்டன். கம்பியூட்டர் வரும் போகும், அனுபவம் எண்டது வேற."

இந்த வார்த்தைகளுக்கு எத்தனை நாள் ஏங்கினேன். கேட்டுக்கொண்டு நின்றேன். வாய் கசந்தது.

ஜெ. பின்னால் சுவரோடு நின்றாள். எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

அந்த நாலு குப்பிக்கு, அந்த இருபதுக்கு, அவளுக்கு ஏச்சு விழுந்ததாம், காலையில், கதவைச் சாத்திக்கொண்டு. "இருப்பைப் பாக்காமக் குடுக்கிறதோ?" ஸ்டெலா மிஸ் சொன்னா. ஜெ. "பிழை என்ர தான் சேர்" என்றாளாம்.


பெப்ரவரி 26, வியாழன்

சிறுநீர் தெளிந்துவிட்டது. காலையில் அந்தப் பெண்சாதி போத்தலைத் தூக்கிக்கொண்டு நடையில் வந்து எனக்குக் காட்டினா. அவவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், மருந்து தந்தது நான் என்று. என் காலைத் தொட்டா. நான் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டினேன்.

"எங்கட வீட்டில முதல் பானை உங்களுக்குத்தான் பொங்குவம், அம்மா."

கோணேசரே, இதற்கு என்ன பதில் சொல்வது. "அம்மா, அவருக்கு ஒரு மணித்தியாலம் பிந்தினது என்னால" என்று சொல்லவா? சொல்லவில்லை. கழிவறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

பதினொரு மணிக்கு டொக்டர் கூப்பிட்டார். பங்குனி முடியத் தலைமைப் பொறுப்பு எனக்கு. கடிதம் திங்கள் வரும்.

தயிர்ச் சட்டி என் மேசையில் இருந்தது. ஜெ. இல்லை. தாளில்: "எனக்கு வேலை கிடக்கு. நீங்க சாப்பிடுங்க."

இவருக்குச் சொன்னேன், கதிரை கிடைத்தது என்று. "பிறகென்ன, ஏன் அழுறீர்?" என்றார்.


பெப்ரவரி 27, வெள்ளி

வெயில் கொளுத்துகிறது. கடற்காற்று இல்லை.

நேரே கம்பியூட்டர் அறைக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு. முதல் தடவை. உள்ளே குளிர். ஜெ. உறையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"திகதி எப்பிடி மாறினது?"

"என்ன திகதி?"

"ஜெஸீமா, எனக்குப் பொய் சொல்லாதையும்."

ஒரு சின்ன டிஸ்கை இழுப்பறையில் இருந்து எடுத்துப் போட்டாள். திரையில் ஒரே ஒரு வரி. பச்சை எழுத்து. பாம்புக்கடி மருந்து. பன்னிரண்டு. காலாவதித் திகதி. இடம்: பழைய பிரிட்ஜ், சரோ அக்கா.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நான் லீவில் நிற்கிற நாளாகப் பார்த்து, டேப்பைப் பிரித்துப் பழையதை எடுத்து ராக்கையில் முன்னுக்கு வைத்து, புதியதை டின்னுக்குள் வைத்திருக்கிறாள். அதே மாதிரி டேப் ஒட்டியிருக்கிறாள். ஆறு வருஷமாக.

"இதைப் பெரிய கணக்கில போடேல்ல. அச்சடிச்சா டொக்டர் கேப்பார், உங்களுக்குத்தான் கரைச்சல். அந்த டின் இருக்குது எண்ட தைரியத்திலதான் இருபதையும் குடுத்தன்."

"ஏன் ஒரு நாளும் சொல்லேல்ல?"

"நீங்க எனக்குச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது.

"கணக்கு சரி அக்கா. இடம் மட்டும்தான் பிழைச்சுப்போச்சு." சொல்லிவிட்டுத் திரும்பி உறையை மடித்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள்.

நான் டொக்டரிடம் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். ஆள் பிழைத்துவிட்டது, கதிரை உங்களுடையது, விடுங்க என்றாள். அப்போதும் எனக்கு எரிந்தது. உண்மையைச் சொன்னால் முன்னையைவிடக் கூட எரிந்தது. அவளுடைய ஏ.சி. வேண்டாம், மெஷின் வேண்டாம், அந்த மனம் எனக்கு ஏன் இல்லை?

டொக்டரின் அறைக்குள் யாரோ இருக்கிறார்கள். வெளியே வாங்கில் இருந்து எழுதுகிறேன். கையில் நான் எழுதின கடிதம். பன்னிரண்டு பொய் உடைவும் திகதியோடு. இருபது போகும்போது பார்த்துக்கொண்டு நின்றது. டின்னை வீட்டுக்குக் கொண்டுபோனது. ஏன் கொண்டுபோனேன் என்ற இடத்தில் "பாதுகாப்புக்காக" என்று எழுதியிருந்தேன். அடித்தேன். "பொறாமையால்" என்று எழுதினேன். அரசாங்கக் கடிதத்தில் இந்தச் சொல் வருமோ தெரியாது. இருக்கட்டும்.

வேலை போகலாம். கதிரை கட்டாயம் போகும். ஜெ.க்கு வரட்டும். ஜெஸீமாவுக்கு.

கால் சில்லிடுகிறது. குனிந்து பார்த்தால் செருப்பு இல்லை. கம்பியூட்டர் அறை வாசலில், அவளுடையதற்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். போய் எடுத்துக்கொண்டு வரலாம். போனால் திரும்பி வருவேனோ தெரியாது.

கதவு திறக்கிறது